முடிவைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மர்ம நாவல்களையும் திகில் நாவல்களையும் பேய்க்கதைகளையும் பிறருக்குப் பரிந்துரைக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் என் அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் பாதிக்கு மேல் உங்கள் சொல்லைக் கேட்டு வந்து சேர்ந்தவை. நான் தூக்கத்தைத் தொலைத்த இரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அதற்கு முதலில் நன்றி. நன்றி சொல்லியாகிவிட்டது, இனி சண்டைக்கு வருகிறேன்.

அண்மையில் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு நாவலைச் சொன்னார். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கதையைப் பற்றி நான் ஒன்றுமே சொல்ல மாட்டேன். கடைசி 20 பக்கம் வரும் பாருங்கள், அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிடும்" என்றார். ஒன்றுமே சொல்லவில்லை என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. அந்த நாவலை நான் எப்படி வாசித்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் தன் கணவன் வீடு திரும்பவில்லை என்று அழுகிறாள். சும்மா வாசித்திருந்தால் அவளோடு சேர்ந்து நானும் கலங்கியிருப்பேன். எல்லாம் தலைகீழாகப் போகிறது என்று தெரிந்த பிறகு ஓர் அழுகையை எப்படி நம்புவது? கண்ணீர் உண்மையிலேயே வந்ததா, முந்தானை நனைந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து ஆறுதல் சொல்கிறார். இவ்வளவு நல்லவருக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். நாய் குரைத்தது, நாய்க்கும் ஒரு புள்ளி. 40-ஆம் பக்கத்தில் கதைசொல்லியின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. 90-ஆம் பக்கத்தில் விடை கிடைத்துவிட்டது. மீதி இருந்த 200 சொச்சம் பக்கங்களையும் விடைத்தாள் திருத்துகிறவரைப் போல வாசித்தேன். கடைசி 20 பக்கம் வந்தபோது மனதுக்குள் ஒரு சரிக்குறி போட்டுவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். ஒரு திகில் நாவலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் நேர முடியாது.

திருப்பம் என்னவென்று சொன்னால்தான் கதை கெடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். திருப்பம் இருக்கிறது என்று சொன்னாலே போதும், பாதி கெட்டுவிடும். வீட்டில் ஒரு பொருளை ஒளித்துவைத்துவிட்டு, எங்கே என்று சொல்லாமல், ஒளித்துவைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதன்பின் அந்த வீட்டில் யாரும் சும்மா உட்கார மாட்டார்கள். நாற்காலி நாற்காலியாகத் தெரியாது. அதன் அடியில் என்ன இருக்கும் என்றுதான் தோன்றும்.

துப்பறியும் கதைக்கு இதில் கொஞ்சம் விலக்கு உண்டு. அங்கே வாசகர் உள்ளே நுழைவதே கண்டுபிடிக்கத்தான். பிணம் ஒன்று, சந்தேகத்துக்குரியவர்கள் ஏழெட்டுப் பேர், கொலையாளி அவர்களுக்குள் ஒருவர் என்பது ஆட்டத்துக்கு முன்பே போட்ட ஒப்பந்தம். 1966-ல் இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் துப்பறியும் கதைகளின் வகைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். மர்மக் கதை விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்னால் நடக்கிறது; அதை இழுத்துச் செல்வது அறியும் ஆவல். திகில் கதை காரணத்திலிருந்து விளைவை நோக்கி முன்னால் நடக்கிறது. அதை இழுத்துச் செல்வது அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு. பின்னால் நடக்கிறவரிடம் "இன்னும் இருக்கிறது" என்று சொன்னால் அவர் உற்சாகமாக நடப்பார். முன்னால் நடக்கிறவரிடம் அதையே சொன்னால் நின்றுவிடுவார், அல்லது ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

அந்த விலக்குக்கும் எல்லை உண்டு. அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926-ல் வந்தபோது, அதில் அவர் செய்த ஒரு காரியம் ஆட்டவிதிக்கு உட்பட்டதுதானா என்று வாசகர்கள் அடித்துக்கொண்டார்கள். என்ன காரியம் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் பாருங்கள், இதை வாசித்துவிட்டு அந்த நாவலை முதன்முறை எடுக்கிறவர் இனி எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பார். உங்களைத் திட்ட வந்த இடத்தில் நானே அதைச் செய்துவிட்டேன். நாக்கின் அரிப்பு அப்படி. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ரகசியம் ஒன்று நம்மிடம் இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது ரகசியத்தைக் காப்பதைவிடக் கடினம். கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகம் லண்டனில் 1952-ல் தொடங்கி, பெருந்தொற்றுக் கால இடைவெளி போக, இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று காட்சி முடிவில் மேடையிலிருந்தே கேட்டுக்கொள்வார்கள். அத்தனை பேரின் வாயை அந்த ஒரு வேண்டுகோளே பெரும்பாலும் கட்டிப்போட்டிருக்கிறது என்றால், மனிதர்கள் மேல் நம்பிக்கை வருகிறது.

உங்களுக்குத் திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன வெடிகுண்டுக் கதை தெரிந்திருக்கும். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ அவரிடம் 1962-ல் நாள்கணக்கில் எடுத்த பேட்டியில் வருகிறது. இருவர் மேசையருகே உட்கார்ந்து ஏதோ வெட்டிப்பேச்சு பேசுகிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதே வெட்டிப்பேச்சு 15 நிமிட சஸ்பென்ஸ் ஆகிவிடுகிறது. எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பரிந்துரைக்கிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நீங்கள் ஒரு நாவலைப் புகழும்போது அந்த 15 விநாடியைத்தான் புகழ்கிறீர்கள். 15 நிமிடத்தைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை. நல்ல திகில் நாவலின் உயிர் அதன் நடுப்பகுதியில் இருக்கிறது. மாடிப்படியில் எட்டாவது படி மட்டும் கிறீச்சிடும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் சொல்லியிருப்பார். பதினொன்றாம் அத்தியாயத்தில் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் படி கிறீச்சிடும். இதைச் செய்யத் தெரிந்தவர்தான் எழுத்தாளர். இதைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் பரிந்துரைப்பவர்.

இந்த இடத்தில் உங்களில் விவரம் தெரிந்தவர் ஒருவர் கையைத் தூக்குவார்: "முடிவு தெரிந்தால் கதை கெடாது என்று ஆராய்ச்சியே இருக்கிறதே?" இருக்கிறது. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்டார்கள். 12 சிறுகதைகள். சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டு வாசிக்கத் தந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் முடிவு தெரிந்து வாசித்தவர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். நான் இதை மறுக்கவில்லை. 1886-ல் வந்த டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைடு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் வாசகர்களுக்கு அது சுத்தமான மர்மக் கதை. அட்டர்சன் என்ற வழக்கறிஞர் தன் நண்பரின் உயிலில் வரும் புதிரான மனிதர் யாரென்று தேடிப் போகிறார். விடை கடைசிப் பக்கங்களில்தான் வருகிறது. இன்று அந்த விடை புத்தகத்தைத் தொடாதவர்களுக்கும் தெரியும், பழமொழி போலாகிவிட்டது. ஆனாலும் வாசிக்கும்போது உள்ளங்கை வியர்க்கத்தான் செய்கிறது. அட்டர்சனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. மர்மமாக இருந்தது திகிலாக மாறிவிட்டது. மேசைக்கடியில் குண்டைக் காட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் முடிவை முழுதாகச் சொன்னார்கள். நீங்கள் செய்வது அதுவும் இல்லை. குண்டையும் காட்ட மாட்டீர்கள், அறையில் எங்கோ ஏதோ இருக்கிறது என்று கண்ணை மட்டும் சிமிட்டுவீர்கள். அதனால் எனக்கு அதிர்ச்சியும் கிடைக்காது, சஸ்பென்ஸும் கிடைக்காது. இரண்டுங்கெட்டான் நிலை. சொல்வதானால் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், நான் ஜெக்கில் கதை போல வாசித்துக்கொள்கிறேன். இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

வாயை மூடிக்கொண்டு எப்படிப் பரிந்துரைப்பது என்று கேட்பீர்கள். முடிவை விட்டால் பேச வேறு எதுவுமே இல்லாத நாவலைப் பரிந்துரைக்காதீர்கள் என்பது ஒரு பதில். அதைவிட உருப்படியான பதில் ஒன்று இருக்கிறது: எந்த மாதிரிப் பயம் என்று சொல்லுங்கள். "பயங்கரமாக இருந்தது" என்பது "சாப்பாடு வாய்க்குள் போனது" என்பதைப் போன்ற செய்தி. "ஒரே மூச்சில் படித்தேன்" என்பது உங்கள் நுரையீரலைப் பற்றிய தகவல்.

இதற்கு ஓர் அளவுகோல் தமிழிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று கணக்கும் தருகிறது. அச்சம் பிறக்கும் நான்கு இடங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஒரு விடுமுறை நாளில் என் அலமாரியிலிருந்த திகில் நாவல்கள் அத்தனையையும் தரையில் இறக்கி, இந்த நான்கு குவியல்களாகப் பிரித்துப் பார்த்தேன். தொல்காப்பியம் எழுதிய காலத்துக்கும் இந்த நாவல்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துவந்தது. பேய், ஆவி, சாபம், பூட்டிய அறை எல்லாம் அணங்கு. சுறா, எலிக்கூட்டம், வெறிபிடித்த நாய் எல்லாம் விலங்கு. கடத்தல்காரர், தொடர் கொலையாளி, நள்ளிரவில் பின்கதவைத் திறக்கிறவர் எல்லாரும் கள்வர். நான்காவது குவியல்தான் என்னை யோசிக்கவைத்தது. தம் இறை: நம் மேல் அதிகாரம் உள்ளவர். உளவு நாவல்கள், கண்காணிப்பு அரசுகளைப் பற்றிய கதைகள், நம்மைக் காக்க வேண்டியவர்களே நம்மைத் தேடிவரும் கதைகள் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டன.

பிரித்து முடித்தபோது என்னைப் பற்றி எனக்கே ஒன்று தெரிந்தது. அணங்கு என்னை ஒன்றும் செய்வதில்லை. எத்தனை பேய் வந்தாலும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவேன். ஆனால் யாரோ கதவைத் தட்டி, அடையாள அட்டையைக் காட்டி, மிகவும் மரியாதையாக "ஒரு சின்ன விசாரணை, பத்தே நிமிடம்" என்று சொல்வதில் தொடங்கும் நாவலை இருட்டிய பின் தொடமாட்டேன். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் எனக்குப் பேய்களாக அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். தவறு என் மேலும் இருக்கிறது, நான் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. திகில் என்று அட்டையில் போட்டு வரும் நாவல்களில் பல அச்சத்தின் கணக்கிலேயே சேராதவை. உடல் அழுகுவதும் உருக்குலைவதும் தோலுக்கடியில் ஏதோ ஊர்வதும் பக்கம் பக்கமாக வரும் கதைகள் இளிவரலை, அதாவது அருவருப்பைச் சேர்ந்தவை. இளிவரல் பிறக்கும் நான்கு இடங்களில் மூப்பும் பிணியும் இருப்பதைப் பாருங்கள். விண்வெளியின் எல்லையில்லாமையும் கடலடியின் பிரம்மாண்டமும் மனிதரைத் தூசியாக்கிவிடும் கதைகள் மருட்கை, அதாவது வியப்பு. அதன் நான்கில் புதுமையும் பெருமையும் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் அன் ராட்கிளிஃப் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1826-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்று இதற்கு அருகில் வருகிறது. பயத்தில் இரண்டு உண்டு, ஒன்று மனத்தை விரியச்செய்து புலன்களை விழிக்கவைக்கும், மற்றது மனத்தைச் சுருக்கி உறையவைக்கும் என்கிறார். முதலாவதற்கு ஏங்கும் வாசகரிடம் இரண்டாவதைக் கொடுத்தால் அவர் பயப்பட மாட்டார், முகத்தைச் சுளிப்பார். பிறகு "எனக்குத் திகில் பிடிக்காது" என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பார். இப்படி எத்தனை பேரை நாம் இழந்திருக்கிறோமோ.

தொல்காப்பியரின் நான்கில் அடங்காத ஐந்தாவது பயம் ஒன்றையும் என் தரையில் கண்டேன். எந்தக் குவியலிலும் சேராமல் ஏழெட்டுப் புத்தகங்கள் நடுவில் கிடந்தன. அவற்றில் பயம் வருவது தன் மனத்தைப் பற்றியே. ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' அங்கேதான் கிடந்தது. பெரிய வீடு, இரண்டு பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த இளம் ஆசிரியை. அவள் பார்ப்பது ஆவிகளையா, தன் மனத்தையா? நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் இதைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள். "நல்ல பேய்க்கதை" என்று அதைக் கொடுத்தால் பாதியைப் பறித்துவிட்டீர்கள். "பேய்க்கதை போல இருக்கும், உண்மையில் மனநோய் பற்றியது" என்று கொடுத்தால் இன்னொரு பாதியைப் பறித்துவிட்டீர்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் கூடவே ஒரு மேதாவிச் சிரிப்பும் சிரிப்பார்கள். "பெரிய வீடு, இரண்டு பிள்ளைகள், ஓர் ஆசிரியை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயப்படவே இல்லை என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. உங்களுக்குப் பயம் வராதது உங்கள் வீரம் அல்ல, அந்தப் புத்தகத்தின் குறையாகவும் இருக்கலாம், உங்களுக்கான புத்தகம் அது இல்லை என்பதாகவும் இருக்கலாம். "இதெல்லாம் ஒரு பயமா" என்று எழுதுவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

வாசிக்காமலே பட்டியல் போடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பரம்பரை நீளமானது. ஜேன் ஆஸ்டின் இறந்தபின், 1817-ன் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி'யில் இசபெல்லா தோர்ப் என்று ஒரு பெண் வருகிறாள். தோழி கேத்தரினுக்குத் தன் குறிப்பேட்டிலிருந்து ஏழு திகில் நாவல்களின் பட்டியலை வாசித்துக் காட்டுகிறாள். கேத்தரினுக்கு ஒரே கவலை: ஏழும் பயங்கரமானவைதானா, நிச்சயமாகத் தெரியுமா? நிச்சயம் தெரியும் என்கிறாள் இசபெல்லா. எப்படியென்றால், அவளுடைய வேறொரு தோழி ஏழையும் வாசித்திருக்கிறாளாம்! 200 ஆண்டுகளுக்கு முன் எழுதியது, இன்று காலையில் எழுதியது போல இருக்கிறது. அந்த ஏழும் ஆஸ்டினின் கற்பனை என்றே நெடுநாள் பலர் எண்ணியிருந்தார்கள். ஏழும் உண்மையிலேயே அச்சில் வந்தவை என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. ஆக, அந்தப் பட்டியலாவது மெய். நமக்கு வரும் பட்டியல்களில் சில புத்தகங்கள் எழுதப்படவே இல்லை.

அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் வருகிறது. கேத்தரின் அப்போது வாசித்துக்கொண்டிருப்பது ராட்கிளிஃபின் 'உடால்ஃபோ' நாவல். ஒரு கறுப்புத் திரை, அதன் பின்னால் இருப்பதைப் பார்த்த கதாநாயகி மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று ஆசிரியர் சொல்லாமல் பல நூறு பக்கம் இழுத்தடிக்கிறார். அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உலகத்தையே கொடுத்தாலும் சொல்ல மாட்டேன் என்கிறாள் இசபெல்லா. கூடவே, தெரிந்துகொள்ளத் துடிக்கிறாய்தானே என்றும் கிண்டிவிடுகிறாள். கேத்தரின் சொல்லாதே, சொல்லவே சொல்லாதே என்று கெஞ்சிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அது எலும்புக்கூடுதான் என்று ஊகித்துவிடுகிறாள். ஊகம் சரியா என்று நான் சொல்லப்போவதில்லை. இசபெல்லாவின் அந்தக் குரலைத்தான் உங்களில் ஒருவரிடம் அண்மையில் கேட்டேன்.

இதுவரை விளையாட்டாகச் சொன்னேன். இனி சொல்வது விளையாட்டில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் நல்ல பேய்க்கதை ஒன்று கேட்டார். யாராவது புத்தகம் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. மறுநாளே எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதையைப் பற்றி மூச்சு விடவில்லை. நான்தான் கொள்கை உள்ளவர் ஆயிற்றே. இரண்டு வாரம் கழித்து, செய்தித்தாளில் அட்டை போட்டு, மூலை மடங்காமல் திருப்பித் தந்தார். "நன்றாக இருந்தது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தபோது உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. 112-ஆம் பக்கத்துக்கும் 113-ஆம் பக்கத்துக்கும் நடுவில். அதற்கு முந்தைய பக்கங்கள் வாசித்துத் தளர்ந்திருந்தன. அதற்குப் பிந்தையவை புதுப் புத்தகம் போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. 112-ஆம் பக்கத்தில் ஒரு சிறுவன் குளத்துக்குள் இறங்குகிறான்.

அவருடைய தம்பி அப்படித்தான் போனான் என்பது எனக்கு அரை ஆண்டு கழித்து, வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

'பரிந்துரை' என்ற சொல்லை நாம் வாய்க்கு வந்தபடி பயன்படுத்துகிறோம். பரிந்து உரைப்பது. பரிவு அதற்குள்ளேயே இருக்கிறது. நான் அன்று உரைத்தேன், பரியவில்லை. எனக்குப் பிடித்த புத்தகத்தின் மேல் எனக்கிருந்த பிரியத்தை அவர் கையில் திணித்தேன்.

எல்லா நாவல்களின் அட்டையிலும் எச்சரிக்கைப் பட்டியல் போட வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். "குழந்தையின் மரணம்" என்று முதல் பக்கத்தில் அச்சிட்டால், அதுவும் கண்ணைச் சிமிட்டுவதுதான். கதையில் வரும் ஒவ்வொரு குழந்தையையும் வாசகர் விரலால் எண்ணிக்கொண்டே போவார். ஆனால் அந்த எச்சரிக்கை வேண்டும் என்று கேட்பவர்களை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீபன் கிங் 1983-ல் வெளியிட்ட 'பெட் செமட்டரி'யை எழுதி முடித்தபின், எல்லை மீறிவிட்டோம் என்று தோன்றி ஓரமாக வைத்துவிட்டார்; பதிப்பகத்தோடு இருந்த ஒப்பந்தத்துக்காகத்தான் பிறகு வெளியே எடுத்தார். அதில் என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். எழுதியவருக்கே கை நடுங்கிய புத்தகத்தை, சிறு குழந்தை இருக்கும் வீட்டில் கொண்டுபோய்ப் போடும் முன் நீங்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். அந்த வீட்டுக்காரர் அதைத்தான் விரும்பிக் கேட்கவும் கூடும். தாங்க முடியாததைக் கதையில் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதை உங்களால் ஊகிக்க முடியாது. கேட்டால் தெரியும்.

அட்டையில் போட முடியாததை வாயால் கேட்கலாம். புத்தகத்தைப் பற்றிச் சொல்லும் முன் எதிரில் இருப்பவரைப் பற்றி ஒரு கேள்வி: "எதையாவது தவிர்க்க வேண்டுமா?" காரணம் கேட்கக் கூடாது. அவர் "நாய் வேண்டாம்", "மருத்துவமனை வேண்டாம்", "பூட்டிய அறை வேண்டாம்" என்று ஏதோ ஒன்றைச் சொல்வார். நீங்கள் மனதுக்குள் நான்கு தலைப்புகளை அழித்துவிட்டு ஐந்தாவதைச் சொல்வீர்கள். எதை அழித்தீர்கள் என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை, கதையும் கெடாது. முதல் 80 பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் பரிவுதான். இரவில் தனியாக இருக்கிறவரா என்று கேட்பதும்தான். நூலகத்தில், ரயிலில், அலுவலக மேசையில், எங்கே நின்றாலும் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இந்த மடலை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. அந்த நண்பர் சென்ற வாரம் என்னிடம் மறுபடியும் புத்தகம் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. நான் கேள்வியைக் கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேய் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். தண்ணீர் மட்டும் வேண்டாம்."

எளிது என்று நினைத்து அலமாரி முன்னால் போய் நின்றேன். எடுத்ததிலெல்லாம் கிணறு இருந்தது. கிணறு இல்லாததில் ஆறு. ஆறு இல்லாததில் நிரம்பி வழியும் குளியல் தொட்டி. எதுவும் இல்லை என்று நம்பி எடுத்த ஒன்றில், 200-ஆம் பக்கத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்குகிறது. பேய்களுக்கும் தண்ணீருக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை இத்தனை ஆண்டு வாசித்தும் நான் கவனித்ததில்லை. அணங்குக் குவியல் முழுதையும் மறுபடி தரையில் இறக்கிவைத்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் தேறவில்லை.

உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். நல்ல பேய்க்கதையாக இருக்க வேண்டும், தண்ணீர் கூடாது. தலைப்பும் ஆசிரியர் பெயரும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை இன்னும் நம்பும் ஒரு வாசகர்